கம்பி மட்டும் இழுத்தா போதுமா?

மக்களே, ரொம்ப நாளா மனசுல கிடந்து உறுத்திக்கிட்டிருந்த விஷயம். எழுதினா நாலு பேர் சண்டைக்கு வருவாங்கன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். போன வாரம் இன்னொரு 'ஆரம்ப நிலை பாடம்' கண்ணுல பட்டுது. அதுலயும் அதே தப்பு. சரி, வர்ற சண்டை வரட்டும்னு உக்காந்துட்டேன்.

டிஸ்கி: கம்ப்யூட்டர்ல படம் வரைஞ்சு சத்தம் வர வைக்கிற விளையாட்டைப் பத்தின பதிவு இது. விளையாட்டே தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி எழுத முயற்சி பண்றேன். தெரிஞ்சவங்க முதல் ரெண்டு பத்தியைத் தாண்டிட்டு நேரா அடிதடிக்கு வந்துடலாம் :)

மேக்ஸ்னு ஒரு மென்பொருள். ப்யூர் டேட்டான்னு இன்னொண்ணு. ரெண்டுலயும் வரி வரியா நிரல் எழுத வேண்டாம். பெட்டி போடணும், பெட்டிக்குப் பெட்டி கம்பி இழுக்கணும். மேல இருந்து கீழ எண்ணும் செய்தியும் ஓடும், கடைசியில ஸ்பீக்கர்ல சத்தம் வரும். 1980களோட நடுவுல பாரிஸ்ல இருக்கிற இர்காம் ஆய்வு நிலையத்துல மில்லர் பக்கெட்ங்கிறவர் மேக்ஸை ஆரம்பிச்சார். 1957லயே பெல் ஆய்வகத்துல கம்ப்யூட்டரைப் பாட வெச்ச மேக்ஸ் மேத்யூஸ் நினைவா அந்தப் பேரு. பின்னாடி அது விலைக்கு விக்கிற மென்பொருள் ஆச்சு, இன்னிக்கு சைக்ளிங் '74 நிறுவனத்தோட சரக்கு. 1996ல அதே பக்கெட், இலவசமா, மூல நிரலோட வெளியிட்டது தான் ப்யூர் டேட்டா. மேக்ஸ் அண்ணன், ப்யூர் டேட்டா தம்பி. ஒரே வீடு, ஒரே குணம், சின்னச் சின்ன வித்தியாசம். அந்தச் சின்ன வித்தியாசத்துல ஒண்ணு தான் இன்னிக்கு நம்ம தலைப்பு.

நிற்க.

ஒரு பெட்டியோட அடியில ஒரு ஓட்டை இருக்கு. அவுட்லெட்டுனு சொல்லுவாங்க. அதுல இருந்து ரெண்டு கம்பி கிளம்பி ரெண்டு பெட்டிக்குப் போகுது. ஒரு எண் வெளிய வருது. எந்தப் பெட்டிக்கு முதல்ல போகும்?

'ரெண்டுக்கும் ஒரே நேரத்துல போகும், படத்துல அப்படித்தானே இருக்கு'ன்னு சொல்றவங்க கை தூக்குங்க. கூச்சப்படாதீங்க, நானும் பல மாசம் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். கம்பின்னாலே நமக்கு கரண்ட் தான் ஞாபகம் வருது. சுவிட்சைப் போட்டா ஹால் லைட்டும் கிச்சன் லைட்டும் ஒண்ணா எரியும். ஆனா இது கரண்ட் இல்லைங்க. உள்ள உக்காந்திருக்கிறது ஒரே ஒரு ஆள். ஒரு வேலையை முடிச்சுட்டுத்தான் அடுத்ததுக்கு வருவான். அதுவும் எப்படி? முதல் கம்பியில இறங்கினான்னா அது போற வழியெல்லாம் போய், கடைசிப் பெட்டி வரைக்கும் வேலையை முடிச்சுட்டுத்தான் மேல ஏறி வந்து ரெண்டாவது கம்பியைத் தொடுவான்.

அதனால என்ன, எது முதல்ல போனா என்னன்னு கேப்பீங்க. பந்தியில இலை போடறதுக்கு முன்னாடி சாம்பார் ஊத்தினா என்ன ஆகுமோ அதான் ஆகும்.

ஒரு சின்ன கணக்கு பாருங்க. கூட்டல் பெட்டி. தலையில ரெண்டு ஓட்டை, இன்லெட். இடது பக்கம் 'சூடான' இன்லெட், வலது பக்கம் 'ஆறின' இன்லெட். ஆறினதுல எண் வந்தா பெட்டி சும்மா வாங்கி வெச்சுக்கும். சூடானதுல வந்தாத்தான் கணக்குப் போட்டு விடையைக் கீழ தள்ளும். இப்போ ஒரே எண்ணை ரெண்டு இன்லெட்டுக்கும் இழுத்து விடறோம். எண்ணை ரெண்டு மடங்கு ஆக்கறது தான் நோக்கம். 5 கொடுத்தா 10 வரணும், 7 கொடுத்தா 14 வரணும்.

ப்யூர் டேட்டாவுல இடது கம்பியை முதல்ல இழுத்திருந்தீங்கன்னா என்ன வரும் தெரியுமா? 5 கொடுத்தா 5. அப்புறம் 7 கொடுத்தா 12. ஏன்னா 7 முதல்ல சூடான பக்கம் போய், ஏற்கெனவே ஆறின பக்கத்துல கிடந்த பழைய 5-ஓட கூட்டிக்கிட்டு வெளிய வந்துடுது. புது 7 வலது பக்கம் போய்ச் சேர்றப்ப வேலை முடிஞ்சு போச்சு. எப்பவும் ஒரு படி பின்னாடி.

ரெண்டு கம்பியையும் வெட்டிட்டு, வலதை முதல்ல, இடதை ரெண்டாவதா இழுங்க. 14 வரும். படம் மாறிச்சா? ஒரு புள்ளி கூட மாறல. அதே பெட்டி, அதே கம்பி, அதே இடம். விடை மட்டும் வேற.

இங்க தான் எனக்கு ரத்தம் கொதிக்குது. 'படத்தைப் பாத்தாலே நிரல் புரியும்'ங்கிறது தானே இந்த விளையாட்டோட மொத்தப் பெருமையும்? அச்சு அசலா ஒரே மாதிரி ரெண்டு படம், ஒண்ணு சரியா ஓடுது, இன்னொண்ணு தப்பா ஓடுதுன்னா, அப்போ நிரல் படத்துல இல்லைன்னு தானே அர்த்தம்? அது எங்க ஒளிஞ்சிருக்குன்னு பாக்கணும்னா கோப்பை ஒரு டெக்ஸ்ட் எடிட்டர்ல திறங்க. கடைசியில 'கனெக்ட்'னு வர்ற வரிகள் இருக்கும். ஒரே அவுட்லெட்டில இருந்து கிளம்பற கம்பிகள் அங்க எந்த வரிசையில எழுதியிருக்கோ அதே வரிசையில தான் ஓடும். அதாவது நீங்க எந்தக் கம்பியை முதல்ல இழுத்தீங்கங்கிற சரித்திரம். உங்க கை எப்போ எங்க போச்சுங்கிறது தான் நிரல். ஆறு மாசம் கழிச்சு யாருக்கு ஞாபகம் இருக்கும்?

'அதனால தான் மேக்ஸ் வாங்கணும்கிறது'ன்னு மேக்ஸ் கோஷ்டி இப்போ காலரைத் தூக்கி விட்டுக்கும். இருங்கப்பா, உங்களுக்கும் இருக்கு.

மேக்ஸ்ல விதி வேற. கம்பி போய்ச் சேர்ற பெட்டிகள்ல எது வலது பக்கம் இருக்கோ அதுக்கு முதல்ல போகும். அப்புறம் அடுத்தது, இப்படியே வலமிருந்து இடமா. நேர்க்கோட்டுல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருந்தா கீழ இருக்கறதுக்கு முதல் மரியாதை. ஆறின இன்லெட் வலது பக்கம், சூடானது இடது பக்கம்ங்கிறதால வலதுக்கு முதல்ல கொடுத்துட்டு இடதுக்கு வர்றது நியாயமான ஏற்பாடு தான். வரிசை கண்ணுக்கும் தெரியுது. தம்பியை விட அண்ணன் தேவலைன்னு நானும் நம்பினேன். நம்பி வாங்கின பல்பு தான் இந்தப் பதிவுக்கே காரணம்.

சொந்தக் கதை, சோகக் கதை.

என் பால்ய சிநேகிதனோட தம்பி ஒருத்தன். வயலின் நல்லா வாசிப்பான். ஒரு குடியிருப்போட ஆண்டு விழாவுல பத்து நிமிஷம் வாசிக்கக் கூப்பிட்டிருந்தாங்க. மிருதங்கத்துக்கு ஆள் கிடைக்கல. "அண்ணே, நீங்க தான் எதையோ டொக்கு டொக்குனு தட்ட விடுவீங்களே, எனக்கு ஆதி தாளத்துல ஒண்ணு பண்ணிக் குடுங்களேன்"னான். நமக்குத்தான் யாராவது கேட்டா போதுமே. ஆபீஸ் ஆணியெல்லாம் ஓரங்கட்டிட்டு ரெண்டு ராத்திரி உக்காந்து மேக்ஸ்ல ஒரு பேட்ச் போட்டேன். தங்கமணி கிட்ட வாங்கின திட்டு தனிக் கணக்கு.

பேட்ச் ரொம்ப சாதாரணம். ஒரு எண்ணி, எட்டு அட்சரத்தை மாத்தி மாத்தி எண்ணும். அந்த எண் ரெண்டு அட்டவணைக்குப் போகும். இடது அட்டவணையில எந்த சொல்லு, எந்தச் சத்தம்னு இருக்கும். வலது அட்டவணையில எவ்வளவு அழுத்தம்னு இருக்கும். ரெண்டும் ஒரு 'பேக்' பெட்டியில சேரும், சத்தம் இடது சூடான இன்லெட்ல, அழுத்தம் வலது ஆறின இன்லெட்ல. அங்க இருந்து ஜோடியாக் கிளம்பிப் போய் ஒலிக்கும். ஆதி தாளம்னா நாலு, ரெண்டு, ரெண்டு. தட்டு விழற 1, 5, 7 மூணுக்கும் அழுத்தம் கூட. வலது அட்டவணைக்கு முதல்ல போகும், அழுத்தம் தயாரா காத்திருக்கும், அப்புறம் இடது, சத்தம் வந்து மோதும். அருமையா ஓடிச்சு. தம்பிக்கு ஒரே சந்தோஷம்.

விழா அன்னிக்கு மதியம் சவுண்ட் செக்கும் ஆச்சு, எல்லாம் பிரமாதம். அதுக்கப்புறம் தான் யாரோ சொல்லியிருக்காங்க, லேப்டாப் திரையைப் பின்னாடி பெரிசா காட்டப் போறோம்னு. நம்ம தம்பி சுத்தபத்தமான பையன். 'அண்ணன் போட்ட பேட்ச் கந்தர்கோளமா இருக்கே'ன்னு பெட்டிகளை அழகா அடுக்கியிருக்கான். ஒரு கம்பியையும் வெட்டல, ஒரு எண்ணையும் மாத்தல. அழுத்தத்தோட அட்டவணையை மட்டும் இழுத்து இடது ஓரமா நிறுத்தியிருக்கான், அங்க தான் காலி இடம் இருந்துதாம்.

முடிஞ்சுது. இப்போ வலது பக்கம் இருக்கிறது சத்தம். அது முதல்ல போய் 'பேக்'கோட சூடான பக்கத்தை இடிக்குது. ஆறின பக்கத்துல கிடக்கிறது போன அட்சரத்தோட அழுத்தம். 1, 5, 7-ல விழ வேண்டிய அழுத்தம் 2, 6, 8-ல விழுது. எட்டாவது அட்சரத்தோட பூனை நடை சமத்துல வந்து உக்காந்துக்கிச்சு.

மேடையில என்ன ஆச்சுன்னு சொல்லணுமா? முன் வரிசையில ஒரு மாமா தொடையில தாளம் போட்டுக்கிட்டிருந்தார். ஒரு ஆவர்த்தம் போட்டார், ரெண்டு போட்டார், கையை நிறுத்திட்டு தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தம்பி மெஷினை நம்பறதா தன்னை நம்பறதான்னு தெரியாம, மெஷினோட சேர்ந்துக்கப் பார்த்து, எடுப்பைத் தவற விட்டு, நடுவுல நிறுத்திட்டான். அந்த ரெண்டு நிமிஷம் அவன் மூஞ்சி இன்னும் என் கண்ணு முன்னாடி நிக்குது. இறங்கி வந்து என்கிட்ட சொன்னது இது தான்: "என் கை தான் அண்ணே சரியில்ல, மெஷின் எப்படித் தப்புப் போடும்?"

மூணு நாள் மண்டை காய்ஞ்சு போனேன். என் கம்ப்யூட்டர்ல என் பழைய கோப்பு கரெக்டா ஓடுது. அவன் கோப்புல தப்பு. ரெண்டுலயும் அதே பெட்டி, அதே கம்பி. எண்ணி எண்ணிப் பார்த்தேன். கடைசியில ஒரு பெட்டியைத் தெரியாத்தனமா வலது பக்கம் நகர்த்தினப்போ சரியாயிடுச்சு. அப்போ தான் மண்டையில ஆணி அடிச்ச மாதிரி உறைச்சுது.

இதுல தம்பி மேல என்ன தப்பு? மென்பொருள் மேலயும் பழி போட மாட்டேன். அது சொன்ன விதிப்படி தான் நடந்துது, கையேட்டுல தெளிவா எழுதியும் வெச்சிருக்காங்க. தப்பு என் மேல. வரிசையை எங்கயும் எழுதாம, பெட்டி நிக்கற இடத்தை நம்பி விட்டுட்டேன். சுத்தம் பண்றவனைத் தண்டிக்கிற நிரலை எழுதி ஒரு பையன் கையில கொடுத்தேன்.

என்ன பண்ணியிருக்கணும்? ஒரே ஒரு பெட்டி. ட்ரிக்கர்னு பேரு. சுருக்கமா முதல் எழுத்தை மட்டும் அடிச்சாலே போதும். மேக்ஸ்லயும் உண்டு, ப்யூர் டேட்டாவுலயும் உண்டு. ஒரு எண்ணை வாங்கி, நீங்க எத்தனை வேணும்னு கேக்கறீங்களோ அத்தனை அவுட்லெட் வழியா, வலமிருந்து இடமா ஒவ்வொண்ணா அனுப்பும். எண்ணாவே வேணுமா, வெறும் 'பேங்' போதுமா, ஒவ்வொரு அவுட்லெட்டுக்கும் தனித்தனியாச் சொல்லலாம். இந்த வரிசை பெட்டிக்குள்ளயே இருக்கிற குணம். பெட்டியை எங்க நகர்த்தினாலும், கம்பியை எப்போ இழுத்தாலும், அண்ணன் வீட்டுல இருந்து தம்பி வீட்டுக்குக் கொண்டு போனாலும் மாறாது. எண்ணிக்கும் ரெண்டு அட்டவணைக்கும் நடுவுல அதை வெச்சு, வலது அவுட்லெட்டை அழுத்தத்துக்கும் இடதை சத்தத்துக்கும் இழுத்திருந்தா, தம்பி அட்டவணைகளைத் தலைகீழா அடுக்கியிருந்தாலும் சமம் சமத்துல தான் விழுந்திருக்கும்.

என் கட்சி இவ்வளவு தான்: செய்தி போற ஒரு அவுட்லெட்டுக்கு ஒரு கம்பி. ரெண்டாவது கம்பி இழுக்கணும்னு கை போச்சுன்னா நடுவுல ட்ரிக்கர். மேக்ஸா இருந்தாலும் சரி, ப்யூர் டேட்டாவா இருந்தாலும் சரி.

இதைச் சொன்னா உடனே வர்ற எதிர்ப்பாட்டு எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒண்ணொண்ணா வரேன்.

"எனக்கு ஒழுங்காத்தானே ஓடுது?" ஓடுது சாமி, இல்லைன்னு யாரு சொன்னா? என்னோடதும் சவுண்ட் செக் வரைக்கும் ஓடிச்சு. இன்னிக்கு ஓடறது நீங்க சரியா எழுதினதாலயா, இல்ல கம்பியை அதிர்ஷ்டவசமா அந்த வரிசையில இழுத்ததாலயா? உங்களாலயே சொல்ல முடியலைன்னா அது ஓடறதா கணக்கில்ல, இன்னும் விழலைன்னு கணக்கு.

"மேக்ஸ்ல தான் வரிசை கண்ணுக்குத் தெரியுதே, அப்புறம் எதுக்கு ட்ரிக்கர்?" கண்ணுக்குத் தெரியறது பெட்டி நிக்கற இடம். அது அங்க நிக்கறது வரிசைக்காகவா, அழகுக்காகவா, இடம் இல்லாததாலயான்னு எங்க தெரியுது? இடத்துக்கு ரெண்டு வேலை கொடுத்துட்டீங்க. ஒரே ஆளை சமையலுக்கும் வாசல் காவலுக்கும் வெச்ச மாதிரி. ஒரு பெட்டியை அரை இஞ்ச் நகர்த்த பயப்பட வேண்டியிருக்குன்னா அது என்ன நிரல்? போதாததுக்கு, அதே பேட்சைத் தம்பி வீட்டுல, அதாவது ப்யூர் டேட்டாவுல திரும்பப் போடறப்ப அந்த இட விதி கூடவே வராது.

இது வெறும் பொழுதுபோக்குக்காரன் கவலை இல்லைங்க. ஃபிலிப் மனூரியோட 'ப்ளூட்டோன்', பியானோவும் கம்ப்யூட்டரும் சேர்ந்து வாசிக்கிற படைப்பு, 1988ல அரங்கேறினது. மேக்ஸ் வளர்ந்த காலமும் அது தான். அன்னிக்கு அது ஓடின இயந்திரம் இன்னிக்கு யார் வீட்டுலயும் கிடையாது. இந்த மாதிரிப் படைப்புகளைப் பின்னாடி ப்யூர் டேட்டாவுல திரும்பச் செய்யற வேலையை மில்லர் பக்கெட்டே கையில எடுத்தார். முப்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் உக்காந்து உங்க பேட்சைப் படிச்சு வேற இடத்துக்கு மாத்தணும்னா, அவருக்கு எது முதல்ல எது அப்புறம்னு எழுதி வெச்சிருக்கணுமா வேண்டாமா? நாம மனூரி இல்ல தான். ஆனா நம்ம பேட்சை ஆறு மாசம் கழிச்சுப் படிக்கப் போறதும் ஒரு அந்நியன் தான். அது நாமளே.

"ட்ரிக்கர் போட்டா படம் கசகசன்னு ஆயிடும்." இது அழகியல் கோஷ்டி. ஒரு பெட்டி கூடுது, ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பெட்டி ஒரு வாக்கியம். 'முதல்ல இதைச் செய், அப்புறம் அதைச் செய்'. அதை எடுத்துட்டா வாக்கியம் போகலை, கண்ணுக்குத் தெரியாத இடத்துல போய் ஒளிஞ்சுக்குது. கசகசன்னு இருக்கேன்னு கடிதத்துல இருந்து முற்றுப்புள்ளியை எல்லாம் எடுத்துடுவீங்களா?

"ஆரம்பத்துலயே இதெல்லாம் சொன்னா புதுசா வர்றவங்க பயந்துடுவாங்க." இது வாத்தியார் கோஷ்டி. எனக்கு இவங்க மேல தான் அதிகக் கோபம். போன வாரம் பார்த்த பாடத்துலயும் இதே கதை, ஒரு அவுட்லெட்டில இருந்து நாலு கம்பி விசிறி மாதிரி விரிச்சு விட்டிருந்தாங்க, ட்ரிக்கர்ங்கிற பேச்சே இல்ல. ப்யூர் டேட்டாவோட சொந்தக் கையேட்டுலயே இந்தக் குழப்பத்தைச் சொல்லி, ட்ரிக்கரைப் பயன்படுத்தச் சொல்லியிருக்காங்க. அதைப் பாடத்துல சேர்க்க என்ன கஷ்டம்? புதுசா வர்றவன் பயந்து ஓடறது ட்ரிக்கரைப் பார்த்து இல்ல. சொன்னபடியே எல்லாம் செஞ்சும் விடை ஒரு படி பின்னாடி வர்றதைப் பார்த்து, 'எனக்கு இதுக்கெல்லாம் மூளை பத்தாது'ன்னு முடிவு பண்ணிட்டு ஓடறான். 'என் கை தான் சரியில்ல'ன்னு அந்தத் தம்பி சொன்ன மாதிரியே. முதல் நாளே ஒரு வரி சொல்லியிருந்தா போதும்.

"ஒரு சின்ன டிலே போட்டா சரியாயிடுமே?" அய்யோ. இது தான் இருக்கிறதுலயே கொடுமை. எது முதல்ல போகுதுன்னு தெரியல, அதனால ஒரு கம்பியில மட்டும் 5 மில்லிசெகண்ட் தாமதம். வேலை செய்யும். அடுத்த வாரம் இன்னொரு இடத்துல 10 மில்லிசெகண்ட். அப்புறம் வேகத்தைக் கூட்டினா ஒண்ணு மேல ஒண்ணு ஏறும், எந்தத் தாமதம் எதுக்குப் போட்டோம்னு மறந்து போகும். வரிசைங்கிறது ஒண்ணு, நேரம்ங்கிறது ஒண்ணு. ட்ரிக்கர்ல வரிசை உண்டு, தாமதம் கிடையாது. எல்லாம் அதே கணத்துல நடந்து முடியும். வரிசைக் கோளாறுக்கு நேரத்தை மருந்தாக் கொடுக்கறது தலைவலிக்குக் காலை வெட்டற வைத்தியம்.

"ஒலிக் கம்பிகள்ல இந்தப் பிரச்சினையே இல்லையே?" இது விவரமானவங்க கேக்கறது. பாதி சரி. பேருக்குப் பின்னாடி டில்டா போட்ட பெட்டிகள்ல ஓடறது செய்தி இல்ல, ஒலி. அங்க எந்தப் பெட்டி முன்னாடி ஓடணும்னு மென்பொருளே கம்பிகளைப் பார்த்து வரிசைப்படுத்திக்கும். கொடுக்கிற பெட்டி முதல்ல, வாங்கற பெட்டி அப்புறம். அங்க ஒரு அவுட்லெட்டில இருந்து பத்துக் கம்பி இழுங்க, ஒரு கெடுதலும் இல்ல. என் சட்டம் ஒலிக் கம்பிக்குப் பொருந்தாதுன்னு நானே சொல்லிடறேன்.

ஆனா கம்பியே இல்லாம ஒலி போற இடங்கள் இருக்கே? ப்யூர் டேட்டாவுல எதிரொலிக்கு ஒரு பெட்டியில எழுதி, இன்னொரு பெட்டியில படிப்போம். ரெண்டுக்கும் நடுவுல கம்பி கிடையாது, பேரு தான் உறவு. கம்பி இல்லாததால எது முன்னாடி எது பின்னாடின்னு மென்பொருளுக்குத் தெரியாது. ஒலியை அது 64 மாதிரிகள் கொண்ட கட்டுக் கட்டா தான் கணக்குப் போடும். படிக்கிற பெட்டி முந்திக்கிச்சுன்னா, நீங்க எவ்வளவு சின்னத் தாமதம் கேட்டாலும் ஒரு கட்டுக்குக் குறையாது. நொடிக்கு 44,100 மாதிரிங்கிற கணக்குல 1.45 மில்லிசெகண்ட். சின்னது தானேன்னு நினைக்காதீங்க, ஃப்ளாஞ்சர் மாதிரி ஒலி பண்றவங்களுக்கு அது பெரிய மலை. வழி என்ன? எழுதற பெட்டியை ஒரு துணைப் பேட்சுக்குள்ள, படிக்கிற பெட்டியை இன்னொரு துணைப் பேட்சுக்குள்ள போட்டு, முதல்ல இருந்து ரெண்டாவதுக்கு ஒரு வெத்து ஒலிக் கம்பி இழுக்கணும். அதுல ஒண்ணும் ஓட வேண்டாம். 'இவர் முன்னாடி, இவர் பின்னாடி'ன்னு சொல்றது தான் அந்தக் கம்பியோட ஒரே வேலை. பாத்தீங்களா, இங்கயும் அதே நியாயம் தான். வரிசை வேணும்னா வரிசையை எழுதணும்.

(எழுதினதையே திரும்பப் படிச்சு மறுபடி எழுதற சுழற்சியில இந்த வித்தையும் பலிக்காது. அங்க ஒரு கட்டு தாமதம் கட்டாயம். கம்பி அதிர்ற ஒலியை இப்படிச் சுழற்சியில செய்யறவங்க சுமார் 689 ஹெர்ட்ஸுக்கு மேல சுருதி ஏத்த முடியாம நொந்து நூடுல்ஸ் ஆகறது இதனால தான். 44,100-ஐ 64-ஆல வகுத்துப் பாருங்க. அந்தத் துணைப் பேட்சுல மட்டும் கட்டோட அளவை 1 ஆக்கினா தப்பிக்கலாம், ஆனா கம்ப்யூட்டர் கூடுதலா மூச்சு வாங்கும். அது தனிப் பதிவுக்கான சரக்கு.)

நியாயமா ஒண்ணு ஒத்துக்கணும். ஒரு எண்ணை ஓட விட்டு, சும்மா கண்ணால பாக்க ஒரு எண் பெட்டிக்கு இன்னொரு கம்பி இழுக்கறது தப்பில்ல. அங்க எது முதல்ல போனாலும் ஒண்ணும் கெடாது. நானும் பண்றேன். ஆனா பார்த்து முடிச்சதும் வெட்டிடுங்க. இன்னிக்குப் பாக்க மட்டும்னு இழுத்த கம்பியில நாளைக்கு நீங்களே எதையாவது தொங்க விடுவீங்க.

கடைசியா ஒரு பரீட்சை. உங்க பேட்சை ஒரு நகல் எடுங்க. மேக்ஸ்னா எல்லாப் பெட்டியையும் கன்னாபின்னான்னு கலைச்சுப் போடுங்க. ப்யூர் டேட்டான்னா, ஒரே அவுட்லெட்டில இருந்து கிளம்பற கம்பிகளை வெட்டிட்டு வேற வரிசையில இழுங்க. அப்புறம் ஓட விடுங்க. சத்தம் மாறாம இருந்தா நீங்க நிரல் எழுதியிருக்கீங்க. மாறிச்சுன்னா... மேடைக்குப் போறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிட்டீங்களேன்னு சந்தோஷப்படுங்க.

அந்தத் தம்பி அதுக்கப்புறம் ரொம்ப நாள் மெஷின் பக்கமே வரல. நான் ட்ரிக்கர் போட்டுத் திருத்தின பேட்சை அனுப்பி, நடந்தது என்னன்னு விளக்கி, தப்பு என்னோடதுன்னு எழுதினேன். ஒரு வாரம் கழிச்சு ஃபோன் பண்ணான்.

"அண்ணே, இப்போ பெட்டியை நகர்த்தலாமா?"

"தாராளமா நகர்த்துடா. கலர் கூட அடி."

சிரிச்சான். அதுக்கப்புறம் தான் எனக்கு ஒழுங்காத் தூக்கம் வந்துது.

பி.கு: 'விசிறி மாதிரி கம்பி இழுத்தும் பத்து வருஷமா எனக்கு ஒண்ணும் ஆகலை'ன்னு சொல்றவங்க பின்னூட்டத்துல வரலாம். வர்றப்போ மேல சொன்ன பரீட்சையை எழுதிட்டு, மார்க்கோட வாங்க. கும்மி அடிக்க நான் தயார் :)